மேல் வீட்டு மீசை

“சாக்கை எடுத்துட்டாரு. கயிறும் எடுத்துட்டாரு. இதோ, படியில காலை வெச்சாச்சு…” கதவோரம் காதை வைத்துக்கொண்டு நூலகர் கிசுகிசுத்தார்.

மேசைக்கு அடியில் பதுங்கியிருந்த ஐந்து வயது மகன் கண்ணை உருட்டினான். வாய் தானாகத் திறந்தது. அடுத்த நொடி ஒரு கவளம் உள்ளே போனது.

“மெல்லு. மென்னு முழுங்கிட்டா திரும்பி மேல போயிடுவாரு.”

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுப் பதினோரு நாள் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நூலகர் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மனுஷர் பரம சாது. நூலகத்தில் யாராவது சத்தம் போட்டால்கூட அதட்ட மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையை மட்டும் அடிக்கவா மனசு வரும்? ஆகவே பல் தேய்க்க ஒரு தடவை, குளிக்க இரண்டு தடவை, சாப்பாட்டுக்குக் கணக்கே இல்லாமல், மேல் வீட்டு மீசை மாமா சாக்கோடு புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்.

மீசை மாமா வேறு யாருமில்லை, சாட்சாத் வீட்டுக்காரர். மாடியில் அவர் குடும்பம், கீழே இவர்கள் குடித்தனம். ஆள் தங்கமானவர்தான். ஆனால் அந்த மீசை இருக்கிறதே, அதற்கு மட்டும் தனியாக வாடகை வாங்கலாம்!

“என்னங்க, அவரு பேரைச் சொல்லி மிரட்டாதீங்கன்னா கேக்குறீங்களா? அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது. அவரு காதுல விழுந்துச்சு, வீட்டைக் காலி பண்ணுங்கன்னுடுவாரு. இந்த வீடு கிடைக்க ஆறு மாசம் நாயா அலைஞ்சது மறந்துபோச்சா?” காலையில் செருப்பை மாட்டும்போதே மனைவி எச்சரித்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

மறக்கவில்லை. ஆனால் ஒரு வாய் உள்ளே போக வேறு வழியும் தெரியவில்லை.

பத்து மணிக்கு மகனையும் இழுத்துக்கொண்டு குப்பை கொட்ட வெளியே வந்தபோது, வீட்டுக்காரரின் சின்ன மகள் படியில் குதித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் குதிப்பதை நிறுத்தினாள். கையைக் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப் பூனை மாதிரி நடந்து மேலே போய்விட்டாள்.

நூலகருக்குப் புல்லரித்துவிட்டது. “பாத்தியாடா? அதுவும் உன் வயசுதான். எவ்வளவு அடக்கம்! பிள்ளைன்னா அப்படி இருக்கணும்,” என்று மகனுக்கு உபதேசம் வேறு செய்தார்.

இப்போது மணி ஒன்று. மூன்றாவது கவளத்துக்கு மகன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

“கதவைத் தட்டப் போறாரு, பாரு!”

“தட்டட்டும்.”

“சாக்குல போட்டுக் கட்டிடுவாருடா!”

“காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க. அவரு வரவே மாட்டேங்குறாரே!”

சொன்னவன் மேசைக்கு அடியிலிருந்து பாய்ந்து வெளியே வந்தான். அப்பா கை நீட்டுவதற்குள் கதவைத் திறந்து, படிக்கட்டின் கீழே போய் நின்று, அண்ணாந்து பார்த்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

“மீசை மாமா! நான் இன்னும் சாப்பிடலை! சாக்கு எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வாங்க!”

நூலகர் பின்னாலேயே ஓடி வந்தார். பையனை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். மேலே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

கதவு தட்டப்பட்டது.

“அப்பா, வந்துட்டாரு!” மகனுக்கு ஒரே குஷி. அப்பாவின் பார்வைதான் மேசைக்கு அடியில் போனது.

திறந்தால், வாசலில் வீட்டுக்காரர். கையில் சாக்கு இல்லை. முகத்தில் மீசை இருந்தது.

“என்ன சார், சாக்கு கீக்குன்னு சத்தம் கேட்டுச்சு?”

“அது… ஒண்ணுமில்ல சார். குழந்தை ஏதோ விளையாட்டுக்கு…”

“விளையாட்டு இல்ல மாமா. சாப்பிடாத பிள்ளைங்களை நீங்க சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு அப்பாதான் சொன்னாரு. குளிக்கலைன்னாலும் தூக்குவீங்களாம். பல்லு தேய்க்கலைன்னாலும்தான்.” பிள்ளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான்.

வீட்டுக்காரர் மீசையை ஒரு பக்கம் நீவினார். பிறகு மறுபக்கம் நீவினார். நூலகரின் கண்ணெதிரே கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“லீவு விட்டதிலேருந்து… பெரிய தப்பு சார். மன்னிச்சிடுங்க. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே சத்தியமா உங்க பேரையே எடுக்க மாட்டேன்.” நூலகர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்காரர் மாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பையனுக்குக் கேட்காதபடி இவர் தோளில் கைபோட்டுப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அந்த மீசைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கெஞ்சல் குரலில் காதோடு சொன்னார்.

“வீடு எங்க சார் ஓடிடப்போகுது? முதல்ல ஒரு நிமிஷம் மேல வந்து எங்க வாசல்ல நில்லுங்க. ரெண்டு வருஷமா உங்களைக் காட்டி மிரட்டித்தான் என் பொண்ணுக்குச் சோறு ஊட்டுறோம்!”