சனிக்கிழமை மேஜை

"யாருக்குப் பொறுமை இல்ல? எங்களுக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க நார்மன், சரியா காதுல விழல."

கெஸையா நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்துட்டா. இருபது வயசு. யுனிவர்சிட்டியில வரலாறு படிக்கிறவ. வாய் மட்டும் வக்கீல் வாய்.

எதிர்ல உக்காந்திருந்தவர் நார்மன் ஆல்சப். பொம்மைப் படைகளை மேஜையில நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துற சங்கத்துக்குப் பன்னெண்டு வருஷமா தலைவர். இங்கிலாந்துல, நாட்டிங்ஹாம்ல ஒரு சர்ச் ஹாலு, ஆண்டுக் கூட்டம், முப்பது நரைச்ச தலை.

"ஃபோனா? ஃபோனை நோண்டுறது நாங்களா? போன வாரம் பகடை எண்ணைக் கூட்ட கால்குலேட்டர் கேட்டது யாரு? சஃபியா மனசுலயே கூட்டிச் சொன்னப்ப முறைச்சீங்களே, மறந்துடுச்சா?"

பின்னால யாரோ சிரிச்சாங்க. நார்மன் திரும்பினதும் சிரிப்பு இருமலாயிடுச்சு.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதியம் அந்த ஹால்ல ஒரு மேஜை பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு. ஏழு பேர் வர்றாங்க. கெஸையாதான் பொறுப்பு. அதை எடுத்துடணும்னு தலைவர் தீர்மானம் கொண்டு வந்திருக்கார். இளசுகளுக்குச் சிக்கலான விளையாட்டு ஒத்துவராது, அதான் காரணம். டீ முடிஞ்சதும் ஓட்டு.

அந்த மேஜை எட்டடி நீளம். யார் வீட்லயும் நுழையாது. இங்க இல்லைன்னா ஏழு பேருக்கும் வேற இடம் இல்ல.

இருபத்தோரு வயசு ஆனவங்களுக்குத்தான் ஓட்டு. கெஸையா கத்தலாம், கை தூக்க முடியாது.

செயலாளர் க்ளைவ் சமாதானத்துக்கு வந்தார். "கோபப்படாத கண்ணு. டீ ஆறிடும்."

"ஆறட்டும் க்ளைவ். ஏழு பேரையும் வெளிய அனுப்பிட்டு அந்த இடத்துல என்ன வைக்கப் போறீங்க?"

க்ளைவ் தலைவரைப் பாத்தார். தரையைப் பாத்தார்.

"இன்னொரு டீ மேஜை."

"ரொம்ப நல்லது. அதுல சிக்கலே இருக்காது."

நார்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவ விடல.

"மூணு கலராவது பூசாத சிப்பாய் மேஜையில நிக்கக் கூடாது. இது உங்க சட்டம். சரின்னு ஆறு மாசம் உக்காந்து பூசினாங்க. எண்ணூறு சிப்பாய். என் சுண்டு விரல் உசரம்கூட இல்ல. ஒவ்வொருத்தன் சட்டையிலயும் பட்டனுக்குத் தனியா கலர். பொறுமை இல்லாதவன் பட்டனுக்குப் பெயின்ட் அடிப்பானா நார்மன்?

"அப்புறம் விதிப் புத்தகம். இருநூத்து நாப்பது பக்கம். சஃபியாவுக்குப் பதினஞ்சு வயசு, ரெண்டு தடவை படிச்சு முடிச்சுட்டா. பள்ளிக்கூடப் பாடத்தை அப்படிப் படிக்க மாட்டேங்கிறான்னு அவங்க அம்மா என்கிட்ட வந்து சண்டை போட்டாங்க. அந்த அம்மாகிட்ட போய் நீங்க சொல்லுங்க, உங்க பொண்ணுக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு."

அந்த ஏழு பேர்ல ஒருத்தியான சஃபியா அங்கயே இருந்தும் இதெதையும் கேக்கல. பக்கத்து மேஜையில நார்மனும் க்ளைவும் காலையிலேருந்து ஆடிட்டு, கூட்டத்துக்காகப் பாதியில விட்டுட்டு வந்த போரைக் குனிஞ்சு பாத்துட்டிருந்தா.

"க்ளைவ், உங்க குதிரைப்படை இந்த மேட்டுல ஏறியிருக்கவே கூடாது. ரெண்டு தடவை குண்டடி பட்டிருக்கு. முதல்ல பகடை போட்டு, படைக்குத் தைரியம் இருக்கான்னு பாத்திருக்கணும்."

க்ளைவ் செல்லமா சிரிச்சார். "அப்படி ஒரு விதியே கிடையாது கண்ணு. முப்பது வருஷமா ஆடுறேன், எனக்குத் தெரியாதா?"

"நூத்தி எழுபத்தி மூணாம் பக்கம்."

"எங்க, காட்டு பாப்போம்."

தலைவரோட புத்தகம் மேஜை ஓரத்துல இருந்தது. தோல் அட்டை, தங்க எழுத்துல அவர் பேரு. சஃபியா அதை எடுக்கப் போனதும், அவ்வளவு நேரம் கல்லு மாதிரி உக்காந்திருந்த நார்மன் சட்டுன்னு எழுந்தார். மூட்டு வலின்னு டீ கூட உக்காந்த இடத்துக்கே வரவழைக்கிறவர்.

கெஸையா முந்திட்டா. "ஏன் பதறுறீங்க? விதிப் புத்தகம்தானே."

திறந்தா. நாலா மடிச்ச ஒத்தைத் தாள் ஒண்ணு கீழ விழுந்துச்சு.

பிரிச்சுப் பாத்தா. பெரிய பெரிய எழுத்து. மேல ஒரு பொம்மைச் சிப்பாய் பல்லைக் காட்டிட்டு நிக்கிறான். 'சிறுவர்களுக்கான எளிய விதிகள்'. போன வருஷம் சங்கமே அச்சடிச்சது. முப்பது பிரதி. பசங்க ஒரு தடவை புரட்டிப் பாத்துட்டு, மறுவாரமே அலமாரியில வெச்சுட்டு, பெரிய புத்தகத்தைக் கேட்டாங்க. அப்புறம் அந்த முப்பதும் எங்க போச்சுன்னு தெரியல. 'இளைஞர்கள் தொலைத்துவிட்டனர்'னு கூட்டக் குறிப்புல எழுதி வெச்சவர் க்ளைவ்.

தாள் மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருந்தது. டீ கப்பு வெச்ச வட்டம் நாலஞ்சு.

ஹால்ல இருந்த பெரியவங்க ஒவ்வொருத்தரா அவங்கவங்க புத்தகத்தை மேஜையிலேருந்து எடுத்து மடியில வெச்சு, மேல கையையும் வெச்சுக்கிட்டாங்க. க்ளைவ் தன்னோடதை நாற்காலியில போட்டு அது மேலயே உக்காந்துட்டார்.

தாளோட ஓரத்துல பென்சிலால ஏதோ எழுதியிருந்தது. சாய்வான எழுத்து. பன்னெண்டு வருஷமா சங்கத்து நோட்டீஸ் எல்லாத்துலயும் இருக்கிற அதே எழுத்து.

கெஸையா அன்னிக்கு முதல் தடவையா குரலை இறக்கினா.

"'இதுவே ரொம்ப நீளம். இன்னும் சுருக்க வேண்டும்.' உங்க கையெழுத்து நார்மன். ஓட்டுக்கு முன்னாடி எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிடுங்க. இதுல எந்த வரி உங்களுக்குப் புரியல?"