மச்சம் தெரியணும்

“மச்சம் தெரியணும் தம்பி. மச்சம் தெரியாத மெஷின் எங்களுக்கு வேண்டாம்.”

அக்கா கறாராகச் சொன்னாள். தையற்காரி. கடைக்குள் நுழைந்ததுமே கடைக்காரரின் காலரைப் பார்த்து, தைத்தவர் அவசரக்குடுக்கை என்று சொல்லிவிட்டாள். கூட வந்த தங்கை, அவளோடு இரட்டையாகப் பிறந்தவள். அறுபது தாண்டியும் இருவருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். அக்காவுக்கு இடது கன்னத்தில் மச்சம், தங்கைக்கு வலது கன்னத்தில். அதுதான் வித்தியாசம்.

வழக்கு இதுதான். அப்பா அந்தக் காலத்து கேமராவில் எடுத்த ஃபிலிம் ஸ்லைடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எடுத்தவர் அவரே என்பதால், அவர் இருப்பது ஒன்றே ஒன்றில். அதில் அவர் தோளில் ஒரு குழந்தை. அது நான்தான் என்று இருவரும் சின்ன வயதிலிருந்து மல்லுக்கு நிற்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல ஒரு ஸ்கேனர் வேண்டும்.

கடைக்காரர் மலிவான மெஷினில் ஆரம்பித்தார். ஸ்லைடை வைக்க அக்கா கையை நீட்டியதும், “நீ கீறி வெச்சிடுவே, நானே வைக்கறேன்” என்று தங்கை பிடுங்கிக்கொண்டாள். படத்தில் குழந்தைக்கு மூக்கே சரியாகத் தெரியவில்லை, மச்சத்துக்கு எங்கே போவது? அடுத்ததும் அப்படித்தான்.

கடைசியாக ஸ்லைடுக்கென்றே செய்த மெஷினைக் கொண்டுவந்தார். அதிலும் தங்கையே வைத்தாள். திரையில் படம் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பாவின் சிரிப்பு, தோளில் குழந்தை, சட்டைப் பையில் பேனா. குழந்தையின் இடது கன்னத்தில் பளிச்சென்று மச்சம்.

அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“நான்தான்டீ” என்றாள்.

“சரி, நீயே ஜெயிச்சே. போய் வண்டி புடி” என்று தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா வெளியே போனதும் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “அம்மா, ஸ்லைடைத் திருப்பி வெச்சுட்டீங்க. பாருங்க, சட்டைப் பை வலது பக்கம் இருக்கு. சரியா வெச்சா மச்சம் உங்க கன்னத்துக்கு வந்துடும்.”

“தெரியும் தம்பி. வீட்டுலயே பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டேன். சின்ன வயசுல நான் நோஞ்சான். அப்பா எப்பவும் என்னைத்தான் தூக்குவார், அவ நடந்தே வருவா. இந்த ஒரு படமாவது அவளுக்கு இருக்கட்டும்.”

அந்த மெஷினையே வாங்கிக்கொண்டு தங்கை போய்விட்டாள். கடைக்காரர் மற்ற மெஷின்களை எடுத்து வைப்பதற்குள் அக்கா திரும்பி வந்தாள். குடையை மறந்துவிட்டாளாம். எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், நின்று குரலைத் தாழ்த்தினாள்.

“காலமெல்லாம் சட்டை தைக்கறவ நான். பை எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஆசையாக் குடுக்கறா, வாங்கிக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க.”