அதிகப்படிப் பதினோரு அடி

உடன்பிறந்த நான்கு பேரும் சண்டை போட்டு நான்கு பிளாட்டாகப் பிரித்துக்கொண்ட அப்பாவின் வீடு அது. இப்போது நடுவில் எழுப்பிய மூன்று சுவர்களையும் இடித்து, கூட்டுப் பத்திரமும் எழுதியாகிவிட்டது. மறுபடி ஒரே வீடுதான் என்று கையெழுத்துப் போட வந்த அளவையாளருக்குத்தான் கணக்கு உதைத்தது. வெளியே அளந்தால் அறுபது அடி, உள்ளே எழுபத்தொன்று. மூன்று முறை அளந்தார்.

"ஒரு சுவரைத் திருப்பி எழுப்பிடுங்கம்மா, அளவு சரியாயிடும். இல்லேன்னா கையெழுத்துக் கிடையாது, நாலு பிளாட்டுதான்," என்றார் மூத்தவளான அக்காவிடம்.

"எழுப்பிடலாமேக்கா," என்றான் கடைசித் தம்பி.

"வாயை மூடுடா. நீ தும்முறதைச் சுவர் வழியாக் கேட்டே இருபது வருஷம் உன் உடம்பைத் தெரிஞ்சுக்கிட்டேன். போதும்." அக்கா அளவையாளர் பக்கம் திரும்பினாள். "உள்ள பதினோரு அடி கூட இருந்தா, அதுவும் எங்க நாலு பேருக்கும் பொது. எழுதிக்கோங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நூறடி நாடாவின் சுருளை அவள் கையில் திணித்துவிட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

அப்போது காலை பத்து மணி. மத்தியானச் சாப்பாடும் ஆறிப்போனது. நூறு என்ற எண் எப்போதோ உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகும் நாடா அவள் விரல்களுக்கிடையே நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் விடுங்கம்மா," என்று எங்கோ தொலைவில் அவர் குரல் கேட்டது.

தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். "கூப்பிட்டுடலாம்க்கா. சுவரையே கட்டிடலாம்."

அக்கா ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அளக்கட்டும்டா. எவ்வளவு வந்தாலும் நம்மளுதுதான்," என்றபடி நாடாவை இன்னும் தளர்த்திவிட்டாள்.