மொழி=தமிழ்

புயல் திசை மாறிவிட்டது. நடுக்கடலில் இருந்த படகுகளுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எச்சரிக்கை போய்க்கொண்டே இருந்தது. திரையில் தெரிந்த புள்ளிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"இங்கிலீஷ்ல போவுது சார், அவங்களுக்கு வெளங்கல," என்றாள் பொறியாளர் எஸ்தர்.

"எச்சரிக்கை அனுப்புற புரோகிராமை மாத்த ரெண்டு நாளாகுமேம்மா," என்றார் அதிகாரி.

"மாத்த வேண்டாம் சார். எந்த மொழின்னு அது வெளிய இருக்கிற 'சூழல் மாறி'ங்கிற ஒரு குறிப்பைத்தான் பாக்குது. அதைச் சொல்லிட்டாப் போதும்."

புரோகிராமை இயக்கும் கட்டளைக்கு முன்னால் 'மொழி=தமிழ்' என்று தட்டி அனுப்பினாள். இருவரும் திரையையே பார்த்திருந்தார்கள். தென்கோடியில் ஒரு புள்ளி மெல்ல வளைந்து கரைப்பக்கம் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு தெற்கே இருந்த எல்லாமே திரும்பின. எஸ்தருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி வடக்கே கைகாட்டினார். அங்கே இன்னும் படகுகள் நின்றன.

"அப்படியே தெலுங்குலயும் ஒண்ணு போடும்மா," என்றார்.