சார்ஜ் ஏறாத வண்டி

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த மீட்டரின் முள் பன்னிரண்டரை வோல்ட்டைத் தாண்டவில்லை.

பதினாலு காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை, சார்ஜ் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் தூங்குகிறது என்று அர்த்தம். ஆனால் போன வாரம்தான் அதைக் கழற்றித் துடைத்து, பட்டறையில் சுற்றவிட்டுப் பார்த்து மாட்டியிருந்தேன். குதிரை மாதிரி இருந்தது.

இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் நான் இருக்கும்போது பதினாலு காட்டியது. நான் போன மூன்றாம் நாள் பேட்டரி படுத்துவிட்டது. இன்றைக்கும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தோளில் தூக்கி வந்து மாட்டித்தான் கிளப்பினேன்.

வண்டி பழையது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வீட்டு வண்டி. முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டிய டிரைவர் அண்ணன், ஓய்வு பெற்ற சூட்டோடு, பெண்டாட்டியை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வாங்கியது. இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

பட்டறை மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கும் சரி பண்ணலேன்னா, நாளைலேருந்து பழையபடி டயர் பக்கம் போயிடுப்பா."

பதினெட்டு வருஷம் டயர் கழற்றிய இடுப்பு இது. கரண்டு வேலைக்கு மாறி எட்டு மாசம்தான் ஆகிறது. மறுபடி குனியச் சொன்னால் குனியும். நிமிராது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஆல்டர்னேட்டருக்குப் போகிற ஃபியூஸ் எரியவில்லை. ஆளே இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி இடம் மட்டும் இருந்தது.

பின்னால் யாரோ செருமினார்கள். அண்ணனின் மனைவி. கைக்குட்டையைப் பிரித்து ஃபியூஸை என் உள்ளங்கையில் வைத்தார்.

"கோவிச்சுக்காதே தம்பி. எனக்கு வண்டி ஏறினா குமட்டும். தெருமுனை தாண்டுறதுக்குள்ள வாந்தி வந்துடும்."

"அண்ணனுக்குத் தெரியாதாக்கா?"

"டிரைவரைக் கட்டிக்கிட்டு, அவர்கிட்டயே போய் இதைச் சொல்லுவாங்களா? முப்பத்தொரு வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னா சரி. இதுல மாசக்கணக்காப் போகணுங்கிறாரே மனுஷன்!"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் இடுப்பும் பாவம்.

"மன்னிச்சுக்கக்கா" என்று ஃபியூஸைச் சொருகினேன்.

அந்த அக்கா, வண்டி இப்போதே வளைவில் திரும்பிவிட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டரை.

ஃபியூஸைக் கழற்றித் துடைத்துச் சொருகினேன். பன்னிரண்டரை. மீட்டரைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கும் பன்னிரண்டரை.

என்ஜினை நிறுத்திவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஊர்ந்தேன்.

ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஒயர் வரும். அது இருந்தால்தான் சார்ஜ் பிறக்கும். அது தனியாகத் தொங்கியது. அறுந்ததல்ல, எலி கடித்ததல்ல. ஸ்பேனர் போட்டு நட்டைக் கழற்றி, ஒயரை எடுத்துவிட்டு, நட்டை மறுபடி அதே இடத்தில் முடுக்கி, ஒயர் நுனி எங்கும் உரசிப் பொறி பறக்காதபடி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வேலை தெரிந்த கை. என்னைவிடச் சுத்தம்.

ஃபியூஸை ஒளித்துவைத்த கைக்கு இது வராது. இங்கே வருவதற்கு முதுகால் ஊர வேண்டும்.

டயர் ஓரமாக டிரைவர் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லடி, பாத்துக்கிட்டே இருக்கான்!" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் முதுகு தெரிந்தது. வெள்ளைப் பனியன். இரண்டு தோள்பட்டையிலும் கிரீஸ்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். குரலை இறக்கினார்.

"முப்பத்துநாலு வருஷம் தம்பி. ஸ்டீரிங்கைப் பாத்தாலே கை மரத்துப்போகுது. அவ என்னடான்னா ஜன்னலுக்கெல்லாம் திரை தைச்சு மாட்டிட்டா. எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

ஒரு ஃபியூஸுக்கும் ஒரு நட்டுக்கும் நடுவில் படுத்துக் கிடந்தேன்.

வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் முப்பத்தொரு வருஷமாக இரண்டு பேரும் கட்டிக் காத்ததை, எட்டு மாச எலக்ட்ரீஷியன் போட்டு உடைப்பதா?

ஊர்ந்து வெளியே வந்து, அக்காவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"கண்டுபிடிக்க முடியலண்ணே. மேஸ்திரிக்குச் சொல்லிடுறேன். வேற ஆளை அனுப்புவார்."

சொல்லும்போதே டயர்கள் கண்முன்னே வரிசையாக உருண்டன.

டிரைவர் அண்ணன் வெடுக்கென்று என் போனைப் பிடுங்கி, மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினார்.

"வேற ஆளா? அந்தப் பேச்சே வேணாம்யா! இந்தத் தம்பியைத் தவிர எவனும் என் வண்டியைத் தொடக் கூடாது!"

"தம்பி கை நல்ல கை! அவரையே அனுப்பச் சொல்லுங்க!" என்று உள்ளிருந்து அக்காவும் சேர்ந்துகொண்டார். ஃபியூஸை நான்தான் திரும்ப உருவிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

"சரிங்க, அவனையே அனுப்புறேன்" என்றார் மேஸ்திரி.

இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்க்கிறேன். பட்டறையில் எவனுக்கும் பிடிபடாத வண்டி வந்தால் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வியாழக்கிழமை அந்த ஒயர் நுனியில் டேப் இற்றுப்போயிருந்தது. புதிதாகச் சுற்றிவிட்டு வந்தேன்.