காகத்துக்கு வைத்த சோறு

தனலட்சுமி பால்கனியில் காகங்களுக்குச் சோறு வைத்தாள். கீழே புல்வெளியில், கீழ்வீட்டுத் திருமதி கெல்லர் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

“இஞ்சருங்கோ, இண்டைக்கும் பொறுக்குறா. ஏனெண்டு விளங்கேல்லை,” என்றாள் கணவனிடம்.

“நாங்கள் காகத்தைக் கூப்பிட்டு ஊத்தையாக்கிறமெண்டு பொலிசுக்குக் காட்டத்தான். அகதி மனுவுக்கு இன்னும் முடிவில்லை. திருப்பி யாழ்ப்பாணம் அனுப்பிப்போடுவாங்கள். இனிச் சோறு வையாதை,” என்றான் சிவநேசன்.

“செத்துப்போன உங்கடை அப்பாவுக்கெண்டுதானே வைக்கிறன்?”

“அப்பா பொறுப்பார். பொலிஸ் பொறுக்காது.”

சோறு நின்றது. காகங்களும் வரவில்லை. அடுத்த வாரம் திருமதி கெல்லர் கதவைத் தட்டினாள்.

“காகங்கள் எங்கே?”

 அவள் அவர்களைக் கீழே தன் பட்டறைக்கு அழைத்துப்போனாள். அங்கே பியானோ போல ஒரு வாத்தியம் பாதி முடிந்து நின்றது.

“ஹார்ப்சிகார்ட். பியானோவுக்கும் முந்தியது. இப்போது மறுபடியும் ஆசையாகக் கேட்கிறார்கள். இதன் கம்பிகளை மீட்டுவது காக இறகுத் துண்டுகள்தான். பிளாஸ்டிக் போட்டால் அந்த நாதம் வராது.”

ஒரு கட்டையை அழுத்தினாள். கம்பி கணீரென்றது.

சிவநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“தனம், போய்ச் சோத்தை வை. உயிரோடை இருக்கேக்கை அப்பா ஒருநாளும் சுருதி சேரப் பாடேல்லை.”