மாடியில் இருமல்

கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி நடத்தும் பொன்னுசாமி, இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில், புதுப்பித்த பழைய கல்வீட்டைச் சல்லிசாக வாங்கினார். விற்ற கிழவர் சாகும்வரை அதிலேயே இருப்பார், பிறகுதான் வீடு கைக்கு வரும் என்பது ஒப்பந்தம். அதைச் சொல்லாமல், “எங்க இத்தாலி வீடு” என்று கிளப்பில் படம் காட்டி, கோடைக்கு நண்பர்களையும் அழைத்துவிட்டார். இப்போது மனைவியோடு ‘நலம் விசாரிக்க’ வந்து, கிழவரின் தயவில் கீழறையில் தங்கியிருந்தார்.

மாடியில் இருமல் கேட்டது. பொன்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, நெஞ்சே பொளந்துக்கும் போல இருமறாரு. சுக்குக் காப்பி வெச்சுத் தாரேன், குடுத்துட்டு வாங்க” என்றாள் தெய்வானை.

“இத்தாலிக்குமா சுக்கு கொண்டாந்தே?”

“கொண்டாராம? எனக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. நூறு வருசம் நல்லா இருக்கோணும்னு நாஞ் சொன்னதாச் சொல்லுங்க.”

டம்ளரோடு பாதிப் படி ஏறியபோது இருமல் நின்றது. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. சுடச்சுடக் கொடுத்தால் பாவம், பெரியவருக்கு நாக்கு வெந்துவிடும், கொஞ்சம் ஆறட்டும் என்று பொன்னுசாமி அங்கேயே நின்றார்.